கான்கிரீட் கல்லில் சுற்றுச்சுவர்: எல்லை அளப்பது முதல் பழைய விரிசலைச் சரிசெய்வது வரை

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் கரிசல் நிலத்தில் இருக்கும் எங்கள் மனைக்குப் புதிதாகச் சுற்றுச்சுவர் எழுப்பவும், அதன் பின்பக்கத்தில் முந்தைய உரிமையாளர் கட்டி விரிசல் விட்டுக் கிடந்த சுவரைச் சீராக்கவும் அலைந்தபோது, கல் எங்கே மலிவு என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருந்தது. கல்லுக்குக் கீழே என்ன இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. சுற்றுச்சுவரில் பணமும் நிம்மதியும் போவது பெரும்பாலும் முதல் கல் வண்டி வருவதற்கு முன்பு எடுக்கும் முடிவுகளால்தான். எனவே இந்தக் கட்டுரையில் எல்லைக்கும் அடித்தளத்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். 5 அடி, அதிகம் போனால் 6 அடி உயரச் சுவர் கட்டப் போகிறவர்களுக்கானது இது. அதைவிட உயரமான சுவருக்கும், ஒரு பக்கம் மண்ணைத் தாங்கி நிற்க வேண்டிய சுவருக்கும் கட்டுமானப் பொறியாளர் வரைந்து கொடுத்த படம் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

1. முதலில் எல்லையை அளந்து உறுதி செய்யுங்கள்

கையில் இருக்க வேண்டியவை நான்கு: பதிவு செய்த பத்திரம், பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடம்), அண்மையில் எடுத்த வில்லங்கச் சான்று. பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையவழிச் சேவைத் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறையின் இணையதளத்தில் கிடைக்கும். நான்கையும் மேசைமேல் விரித்துச் சர்வே எண், உட்பிரிவு எண், நான்கு பக்க அளவுகள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பத்திரத்தில் அளவு அடியில் இருக்கும், புலப்படத்தில் மீட்டரில் இருக்கும். ஒரு மீட்டர் 3.28 அடி என்று மாற்றிப் பார்க்கும்போதே பல மனைகளில் அரையடி, ஓரடி வேறுபாடு தலைகாட்டும்.

மனைப்பிரிவில் வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல மனைப்பிரிவுகளில் பட்டா இன்னும் கூட்டுப் பட்டாவாகவே இருக்கும். புலப்படத்தில் முழு நிலமும் ஒரே கட்டமாகத் தெரியுமே தவிர உங்கள் மனை தனியாகத் தெரியாது. அந்த நிலையில் சர்வேயர் வந்தாலும் எதை வைத்து அளப்பார்? முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், சுவர் கட்டும் எண்ணம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

தனிப் பட்டா இருந்தால், நில அளவைக்குத் தமிழ்நிலம் இணையதளத்தில் 2023 முதல் வீட்டிலிருந்தே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம். இ-சேவை மையத்திலும் செய்து கொடுக்கிறார்கள். பக்கத்து நிலத்தாருக்கு அறிவிப்புப் போய், அவர்கள் முன்னிலையில் அளந்து கல் நட்ட பிறகு கிடைக்கும் அறிக்கையும் வரைபடமும்தான் நாளைக்குத் தகராறு வந்தால் உங்களுக்குத் துணை. தனியார் சர்வேயரை வைத்து அளப்பது வேகமாக முடியும். உங்கள் சொந்தத் திட்டமிடலுக்கு அது போதும், பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாதபோது போதாது. அளந்த அன்றே நான்கு கல்லையும், பின்னால் ஏதாவது நிலையான அடையாளம் தெரியும்படி, படம் எடுத்து வையுங்கள். வானம் (அடித்தளத்துக்கான குழி) தோண்டும்போது எல்லைக்கல்தான் முதலில் பெயர்ந்து போகும்.

2. பக்கத்து மனைக்காரரும் உள்ளாட்சியும்

தூணின் அடித்தளம் இரண்டரை அடிக்கு இரண்டரை அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டை ஒட்டித் தூணை நிறுத்தினால், தரைக்கு மேலே சுவர் உங்கள் இடத்தில் இருக்கும். தரைக்கு அடியில் ஏறக்குறைய 10 அங்குலம் அடுத்தவர் மனைக்குள் போய்விடும். அவர் வீடு கட்டத் தோண்டும் நாளில் இது வெளிச்சத்துக்கு வரும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. சுவரை அந்த அளவுக்கு உள்ளே தள்ளிக் கட்டலாம். இடம் போகும், வம்பு இல்லை. பக்கத்து மனைக்காரரோடு செலவைப் பகிர்ந்து எல்லைக்கோட்டின் நடுவில் பொதுச்சுவராகக் கட்டலாம். அதை முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அல்லது தூணை அடித்தளத்தின் விளிம்பில் நிறுத்தலாம். கொத்தனார்கள் எளிதாகச் சொல்லும் வழி இந்த மூன்றாவதுதான். ஆனால் எடை ஒரு பக்கமாக விழுவதால் அடித்தளம் சாயப் பார்க்கும். பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்தாலன்றி அதை ஏற்காதீர்கள்.

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, எதுவாக இருந்தாலும், வேலை தொடங்கும் முன்பு மனை வரைபடத்துடன் எழுத்து மூலம் தெரிவித்து, அனுமதி தேவையா, சாலையிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும் என்று கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதைப் புறம்போக்கு ஒட்டியிருந்தால் இந்தக் காகிதம் இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

3. மண்ணைப் பாருங்கள், பிறகு அடித்தளத்தைத் தீர்மானியுங்கள்

தூண் இல்லாமல் வெறும் 6 அங்குலக் கல்லை 5 அடி உயரத்துக்கு அடுக்கினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905, தாங்கல் ஏதுமின்றி நிற்கும் சுவரின் உயரம் அதன் தடிமனைப் போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்பதைக் காற்றழுத்தத்தைப் பொறுத்துச் சொல்கிறது. மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் 10 மடங்கு. அழுத்தம் கூடக்கூட 7, 5 என்று இறங்கி 4 மடங்கில் வந்து நிற்கும். 6 அங்குலச் சுவருக்கு 4 மடங்கு என்றால் இரண்டே அடி. காற்றுக்கான விதி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டரும் மதுரை, கோவைக்கு 39 மீட்டரும் அடிப்படை வேகமாக வைத்திருக்கிறது. 39 மீட்டர்கூட அந்த 10 மடங்குச் சலுகைக்குள் வராது. ஆகவே 10 அடிக்கு ஒரு கான்கிரீட் தூணும், தூண்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் பிளிந்த் பீமும் தேவையே.

செம்மண், சரளை, மொரம்பு போன்ற கெட்டியான மண்ணில் 3 முதல் 4 அடி ஆழக் குழி போதும். தோண்டிய மண் அடியில் இன்னும் பொலபொலவென்று வந்தால், அல்லது பழைய குப்பையும் செங்கல் துண்டும் தென்பட்டால், அது நிரப்பிய மண். கெட்டி வரும்வரை தோண்டித்தான் ஆக வேண்டும்.

கரிசலின் கதை வேறு. கோடையில் கைவிரல் நுழையும் அளவு வெடிக்கும் மண், ஐப்பசி மழையில் உப்பி மேலெழும். இந்த அசைவு மேல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழம் வரை இருக்கும் என்று எடுத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம். அதனால்தான் அங்கே 3 அடிக் குழியில் நிற்கும் சுவர் ஆண்டுக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடி, மூன்றாம் ஆண்டில் படிப்படியாக விரிசல் விடுகிறது. வசதி இருந்தால், அடிப்பகுதி அகன்ற துளைத் தூண்கள் போடச் சொல்லுங்கள். இயந்திரத்தால் துளைத்துக் கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் நிரப்பும் முறை இது. இல்லையென்றால், குழியை 5, 6 அடி வரை இறக்கி, அடியில் சரளையும் எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கலந்து நனைத்து இடித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் அடித்தளம் போடலாம். அசைவு முழுதாக நிற்காது, குறையும். இரண்டிலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பிளிந்த் பீமின் அடிப்பகுதிக்கும் மண்ணுக்கும் இடையே 3 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். மண் உப்பும்போது அந்த வெற்றிடத்துக்குள் உப்பட்டும், பீமைத் தூக்க வேண்டாம். இடைவெளிக்குள் மண் சரிந்து நிரம்பாதிருக்க இருபுறமும் மெல்லிய கடப்பாக்கல் பலகைகளைச் சாய்த்து வைக்கலாம். பீமைத் தரையோடு ஒட்டிப் போடுவதுதான் எல்லாருக்கும் பழக்கம் என்பதால், பக்கத்தில் நின்று சொல்லாவிட்டால் இது நடக்காது.

4. அளவைப் போடுங்கள், விலை உங்கள் ஊரில் கேளுங்கள்

விலையை எழுதினால் சில மாதங்களில் அது பொய்யாகிவிடும். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய மதிப்பீட்டை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுங்கள். அளவு மாறாது. 100 அடி நீளம், பீமுக்கு மேல் 5 அடி உயரம், 6 அங்குல சாலிட் பிளாக் (உள்ளே குழி இல்லாத கல்), 10 அடிக்கு ஒரு 9 அங்குலச் சதுரத் தூண், சுமார் 4 அடிக் குழி, இருபுறமும் பூச்சு என்ற கணக்கில் ஏறக்குறையத் தேவைப்படுவன இவை:

கல் 540 முதல் 550 வரை, உடைசலும் சேர்த்து. தூண் இல்லாத பரப்பில் 100 சதுர அடிக்கு 112 அல்லது 113 கல் என்று நினைவில் வைத்தால் எந்த அளவையும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். சிமெண்ட் 60 மூட்டை. இதில் 37 மூட்டை வரை தரைக்கு அடியிலும் தூணிலும் பீமிலும் போய்விடும், கல் கட்ட 5 மூட்டைதான் ஆகும். கம்பி 400 கிலோ. முக்கால் அங்குல ஜல்லி ஒன்றரை யூனிட், ஒன்றரை அங்குல ஜல்லி கால் யூனிட்டுக்குச் சற்று மேல், எம்-சாண்ட் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, பூச்சுக்குப் பி-சாண்ட் அரை யூனிட். ஒரு யூனிட் 100 கன அடி.

சிமெண்ட் எங்கே போகிறது என்று பாருங்கள். கல்லில் 2 ரூபாய் குறைத்து வாங்கினால் 1,100 ரூபாய் மிஞ்சும். தூண் குழியை ஓரடி குறைத்தால் அதைவிடக் கூடுதலாக மிஞ்சும், சுவர் போய்விடும்.

5. கல் வாங்குவது

சந்தையில் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம் என்பது பொது அளவு; 4, 6, 8 அங்குலம் என்பது தடிமன். தரைக்குக் கீழும் தரையை ஒட்டிய முதல் இரண்டு வரிசையிலும் ஹாலோ பிளாக் வேண்டாம். குழிக்குள் நீர் தேங்கும். 6 அங்குல சாலிட் பிளாக் ஒன்று 22 முதல் 25 கிலோ வரை இருக்க வேண்டும். கான்கிரீட் கல்லுக்கான ஐ.எஸ். 2185 விதி, சாலிட் பிளாக்கின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,800 கிலோவுக்குக் குறையக் கூடாது, சராசரித் தாங்குதிறன் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4 அல்லது 5 நியூட்டன் இருக்க வேண்டும், நீர் உறிஞ்சல் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது.

இதில் கடைசியை வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று கல்லை மாதிரிக்கு வாங்கி, நன்கு காயவைத்து எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்க நீரில் மூழ்கவைத்து, எடுத்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி மறுபடியும் எடை போடுங்கள். 24 கிலோ கல் 26 கிலோ 400 கிராமுக்கு மேல் போனால் கல் போடும் அந்தக் களத்தில் வாங்காதீர்கள். விளிம்பைச் சாவியால் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழ வேண்டும், மாவு உதிரக் கூடாது.

பெரிய ஏமாற்று வயதில்தான். கல் போட்ட பின் குறைந்தது 14 நாள் நீராற்ற (விடாமல் ஈரமாக வைத்திருக்க) வேண்டும், பிறகு நான்கு வாரம் உலர விட வேண்டும் என்பது விதி. உலரும்போது கல் சுருங்கும். அந்தச் சுருக்கம் களத்தில் நடக்க வேண்டும், உங்கள் சுவரில் நடக்கக் கூடாது. தேவை அதிகமாக இருக்கும் தை, மாசி மாதங்களில் ஒரு வாரக் கல்லையே ஏற்றிவிடுகிறார்கள். கருஞ்சாம்பல் நிறமும் தொட்டால் குளிர்ச்சியும் இருந்தால் அது பிஞ்சுக்கல். நான் பரிந்துரைப்பது, ஒன்றரை மாதம் முன்பே முன்பணம் கொடுத்து, உங்கள் அடுக்கில் தேதியைச் சுண்ணாம்பால் எழுதவைப்பது. ரசீதில் அளவு, எண்ணிக்கை, வண்டி வாடகை, இறக்குகூலி யாருடையது, உடைசலுக்கு யார் பொறுப்பு ஆகிய எல்லாம் இருக்கட்டும்.

6. மேஸ்திரியிடம் எழுதி வாங்க வேண்டியவை

கூலிக்கு மட்டுமா, பொருளோடு சேர்த்தா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். கூலிக்கு என்றால் சதுர அடிக் கணக்கா, நீளத்தை மட்டும் அளக்கும் ஓட்ட அடிக் கணக்கா, தரைக்குக் கீழுள்ள வேலை அதில் சேருமா என்று கேளுங்கள். பேச்சு கெட்டுப்போவது எப்போதும் இந்த இடத்தில்தான். குழி தோண்டுதல், சென்டரிங் பலகை, சாரம், கம்பி கட்டுதல், தண்ணீர் விடுதல், மிச்ச மண் அகற்றுதல் ஆகிய ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை நிலை நிலையாகக் கொடுங்கள்: பீம் முடிந்ததும் ஒரு பங்கு, கல் கட்டு முடிந்ததும் ஒரு பங்கு, பூச்சு முடிந்து நீராற்றிய பிறகு மிச்சம்.

7. வானம் முதல் பீம் வரை

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. குழியைத் திறந்துவைத்துவிட்டு மழையில் மாட்டிக்கொண்டால் பக்கவாட்டு மண் சரிந்து இரட்டை வேலையாகும். தை பிறந்ததும் தொடங்குவது தென்மாவட்டங்களுக்குப் பொருத்தம். இந்த அளவு வேலைக்கு, இடையூறு இல்லாவிட்டால், ஐந்து ஆறு வாரம் ஆகும்.

குழிக்கு அடியில் 4 அங்குலம் ஒன்றரை ஜல்லிக் கான்கிரீட், அதன்மேல் கம்பிப் பாய் வைத்த 9 அங்குல அடித்தளம், அதிலிருந்து எழும் நான்கு 12 மில்லிமீட்டர் கம்பித் தூண், 6 அங்குலத்துக்கு ஒரு ரிங். அடித்தளக் கம்பி மண்ணிலிருந்து 50 மில்லிமீட்டரும் தூண் கம்பி பலகையிலிருந்து 40 மில்லிமீட்டரும் விலகி இருக்க வேண்டும். உடைந்த செங்கல்லை முட்டுக் கொடுக்கப் பார்ப்பார்கள், அது நீரை உறிஞ்சும், கம்பியை விலக்கி நிறுத்தும் அச்சுக் கவர் பிளாக் வாங்கிக் கொடுங்கள். சிமெண்ட், மணல், ஜல்லிக் கலவை 1:1½:3. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் கம்பிக் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது.

கொத்தனார்கள் மூலையை 3-4-5 கணக்கில் நேராக்குவார்கள். உங்கள் மனை உண்மையில் நேர்மூலை உள்ளதா என்று முதலில் பாருங்கள். சாய்ந்த மனையை நேராக்கினால் எல்லை கெடும். எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல்லுக்கு நூல் கட்டி, அதன்படியே போகச் சொல்லுங்கள்.

இப்போது கடைகளில் பெரும்பாலும் பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்ட்தான் கிடைக்கிறது. அதற்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும். சித்திரை வெயிலில் 14 நாள். தூணைச் சாக்குச் சுற்றி ஈரமாக வையுங்கள்.

8. கல் கட்டு

செங்கல்லுக்குப் பழகிய கை, கல்லைத் தொட்டியில் ஊறவைக்கும். கான்கிரீட் கல்லை ஊறவைக்கக் கூடாது. வெயில் கடுமையாக இருந்தால் கலவை படும் முகத்தில் மட்டும் லேசாகத் தெளிக்கலாம். சிமெண்டும் மணலும் 1:6 கலவை போதும். அதைவிடச் சிமெண்டைக் கூட்டிப் போட்டால், விரிசல் கலவையில் விழாமல் கல்லிலேயே விழும். கலந்து அரைமணி நேரத்துக்குள் தீர்க்கும் அளவுக்கே கலக்கச் சொல்லுங்கள். இறுகியதில் தண்ணீர் ஊற்றிப் புரட்டுவதை அனுமதிக்காதீர்கள்.

வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே வரும் படுக்கை மூட்டைக் கலவை போட்டு நிரப்புவார்கள், ஒரே வரிசையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வரும் நெடுக்கு மூட்டை வெறுமனே விட்டு வெளியே பூசி மறைப்பார்கள். நான்காவது வரிசை முடிந்ததும் மறுபக்கம் போய் நின்று வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை தூணிலிருந்து ஒரு துண்டுக் கம்பி படுக்கை மூட்டுக்குள் நீள வேண்டும். இதற்குத் தூண் கட்டும்போதே கம்பி விட்டிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 அடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு வரிசைக்கும் தூக்குக்குண்டு பிடியுங்கள். நீளம் அதிகமானால் 40 அடிக்கு ஒருமுறை இரட்டைத் தூண் நிறுத்தி, நடுவில் முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள். உச்சியில் கம்பி வைத்த 3 அங்குலக் கான்கிரீட் பட்டை, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. மழைநீர் ஓடும் பக்கத்தில் தரையை ஒட்டிக் குழாய் விட்டு வழி செய்யுங்கள்.

9. பழைய சுவரைச் சீராக்குவது

பூச்சைத் தட்டிவிட்டு விரிசலின் வடிவத்தைப் பாருங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே நேராக மேலிருந்து கீழ் இறங்கும் மயிரிழை, பிஞ்சுக்கல் சுருங்கியதால் வந்தது. தூணும் சுவரும் பிரிந்த நேர்கோடு, இணைப்புக் கம்பி இல்லாததால் வந்தது. மூட்டு வழியே படிக்கட்டாக ஏறுவது அடித்தளம் இறங்கியதன் அடையாளம். கீழ்ப்பாதியில் கிடைமட்டமாக ஓடி, சுவர் வயிறு தள்ளி நின்றால், பின்னால் இருக்கும் மண் தள்ளுகிறது.

எதையும் அடைப்பதற்கு முன்பு அசைகிறதா என்று பாருங்கள். விரிசலின் இருபுறமும் ஒட்டியிருக்குமாறு மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சிமெண்டால் பதித்துத் தேதி எழுதி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடக்க விடுங்கள். கண்ணாடி உடையாவிட்டால் விரிசல் நின்றுவிட்டது. அப்போது அதை அரை அங்குலம் ஆழத்துக்கு வெட்டித் தூசி போக நீர் அடித்து, பாலிமர் சேர்த்த கலவையால் அடைத்து, இருபுறமும் அரை அடி அகலம் கோழிவலை அடித்துப் பூசலாம். தூணும் சுவரும் பிரிந்திருந்தால், தூணில் துளையிட்டுக் கம்பியை இரசாயனப் பசையால் பதித்து, படுக்கை மூட்டைக் குடைந்து அதற்குள் இறக்கிப் பிறகு பூச வேண்டும்.

கண்ணாடி உடைந்தால் வேலை தரைக்குக் கீழே. இறங்கிய இடத்தில் அடித்தளத்துக்கு அடியில் 4 அடி நீளத் துண்டுகளாகத் தோண்டிப் புதுக் கான்கிரீட் திணிக்க வேண்டும். ஒன்றைத் தோண்டினால் அடுத்ததை விட்டுவிட்டு அதற்கடுத்ததைத் தோண்ட வேண்டும், முதலாவது இறுகிய பிறகே இடையில் விட்டதைத் தொட வேண்டும். வரிசையாகத் தோண்டினால் சுவர் குழிக்குள் இருப்பவர்மேல் விழும். இதைப் பொறியாளர் மேற்பார்வையின்றிச் செய்யாதீர்கள். பூசும் கொத்தனார் இதைச் சொல்ல மாட்டார். பூச்சுக்குக் கூலி உண்டு, தோண்டாமல் விடுவதில் அவருக்கு நட்டமும் இல்லை.

வயிறு தள்ளிய சுவருக்குப் பழுதுபார்ப்பு என்று ஒன்று இல்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் கனமழையில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்து 17 பேர் இறந்தார்கள். மண் முட்டி நிற்கும் சுவர் உங்கள் மனையில் இருந்தால், மழைக்கு முன்பே பின்புற மண்ணை அகற்றுங்கள்; இருபுறமும் ஆள் நடமாட்டத்தைத் தடுத்துக் கயிறு கட்டுங்கள்; பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பிரியுங்கள். முழுதாக வரும் கற்களைக் கலவை உதிர்த்து அடுக்கி வைத்தால், தோட்டப் பாத்திக்கும் நடைபாதைக்கும் ஆகும்; புதுச் சுவரில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.